எட்டாவது தறி: ஒரு முன்னோட்டத்தை இரண்டு முறை வெட்டிய கதை

ஒரு மர்மப் படத்தின் முன்னோட்டத்தை, அதாவது டிரெய்லரை, இரண்டு முறை வெட்டித் தொகுத்தேன். முதல் முறை வெட்டியதைப் பார்த்துச் சென்னையில் பயந்தார்கள். கோவைப் பக்கத்துச் சோமனூருக்கு அருகில் ஒரு தறிக்குடோனில், அதாவது விசைத்தறிகள் ஓடும் கூடத்தில், சிரித்தார்கள். படத்தின் கதை நடப்பதோ அந்தக் குடோனைப் போன்ற ஒரு குடோனில்தான். சொந்த ஊர்க்காரர்கள் சிரிக்கும் ஒரு பயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இரண்டாவது முறை ஏன் வெட்டினேன், எதை மாற்றினேன், எதில் தோற்றேன் என்பதை எழுதி வைக்கிறேன். படம் இன்னும் வெளியாகவில்லை. அதனால் பெயரையும் சொல்ல மாட்டேன், முடிச்சையும் அவிழ்க்க மாட்டேன்.

கதையின் தொடக்கம் இவ்வளவுதான். ஆண்டு 2012. தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலம். சென்னைக்கு நாளொன்றுக்கு 2 மணி நேரம் வெட்டு என்றால், எங்கள் பக்கம் 10 மணி நேரத்தைத் தாண்டிப் போன நாட்கள் உண்டு. எட்டு விசைத்தறிகள் உள்ள ஒரு குடோன். இரவு வேலையில் கரண்ட் போகிறது. திரும்பி வரும்போது முதலாளியைக் காணவில்லை. தறி ஓட்டும் ஒரு பெண்ணுக்கு மட்டும் ஏதோ தெரியும்.

முதல் வெட்டு

2 நிமிடம் 10 வினாடி, 143 ஷாட்டுகள். ஒரு ஷாட்டுக்கு ஒரு வினாடிகூட இல்லை. நாடா (குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் கட்டை) பாய்வது மிக அண்மையில், அச்சுப்பலகை (அந்த நூலைத் துணியோடு நெருக்கும் பலகை) அடிப்பது மிக அண்மையில், வியர்த்த நெற்றி, டார்ச் வெளிச்சம், ஓடும் கால்கள். சாதாரண விசைத்தறி நிமிடத்துக்குச் சுமார் 120 முறை அடிக்கும். படமோ வினாடிக்கு 24 ஃபிரேம். ஆக ஓர் அடிக்குச் சரியாக 12 ஃபிரேம். இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தபோது எனக்குப் புதையல் கிடைத்தது போல் இருந்தது. ஒவ்வொரு வெட்டையும் தறியின் அடி விழும் கணத்திலேயே கொண்டுபோய் வைத்தேன். அதற்குக் கீழே முடிவில்லாமல் மேலேறிக்கொண்டே இருப்பதாகக் காதை ஏமாற்றும் அந்த ஒலி. ரோஜர் ஷெப்பர்ட் என்ற உளவியலாளர் 1964இல் விளக்கிய உத்தி, இன்று பாதி மர்மப் படங்களின் முன்னோட்டங்களில் கேட்கலாம். அது உச்சிக்கு ஏறி நின்றதும் ஓர் இருட்டு, ஓர் அலறல், படத்தின் பெயர்.

சென்னையில் தயாரிப்பாளரின் அறையில் ஆறு பேர் பார்த்தார்கள். ஒருவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். எல்லோருக்கும் திருப்தி.

படப்பிடிப்புக்கு உதவிய குடோன்காரர்களுக்கும் காட்டிவிட வேண்டும் என்று இயக்குநர் விரும்பினார். மரியாதைக்காகத்தான், கருத்துக் கேட்பதற்காக அல்ல. வேலையாட்கள் மாறும் நேரத்தில் போய், காலியாகக் கிடந்த ஒரு பாவு பீமின் (பாவு எனும் நீளவாட்டு நூலைச் சுற்றிவைக்கும் உருளை) மேல் மடிக்கணினியை வைத்து, பக்கத்தில் ஒரு சின்ன ஒலிபெருக்கியையும் வைத்து ஓடவிட்டேன். ஒன்பது பேர் பார்த்தார்கள். நாடா பாயும் அண்மைக் காட்சியில், இசை உறுமும் அதே இடத்தில், ஓர் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். பக்கத்தில் இருந்தவருக்கும் அது தொற்றிக்கொண்டது. முடிந்ததும் ஒருவரும் பேசவில்லை. நாற்பது ஆண்டுகளாகத் தறி ஓட்டும் ஒரு பெரியவர்தான் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டுக் கேட்டார்:

“ஏனுங்க தம்பி, தறி ஓடும்போது என்ன பயம்? நின்றால்தானே பயம்?”

எங்கே தவறு

பல்லடம், சோமனூர், மங்கலம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். தறிச் சத்தம் அங்கே சத்தமே அல்ல, அதுதான் அமைதி. தறியோடு ஒட்டிய வீட்டில் பிறந்த குழந்தை அந்த இரைச்சலில்தான் தூங்கும்; தறி நின்றால்தான் விழித்து அழும். சத்தம் கேட்கிறது என்றால் கரண்ட் இருக்கிறது, நூல் வந்திருக்கிறது, சனிக்கிழமை கூலி கிடைக்கும் என்று பொருள். நின்றுவிட்டால்? கரண்ட் போயிருக்கலாம், பாவு தீர்ந்திருக்கலாம், கூலி உயர்வுப் பேச்சு முறிந்து ஊரே தறியை நிறுத்தியிருக்கலாம், யாராவது செத்துப் போயிருக்கலாம். நான் அந்த மக்களின் தாலாட்டை எடுத்துப் பேய்ச் சத்தமாகப் போட்டிருக்கிறேன். சென்னை அறையில் கைப்பிடியைப் பிடித்தவர் பயந்தது கதைக்காக அல்ல, காதுக்குப் பழகாத இரைச்சலுக்காக.

வெட்டை அடியில் வைத்ததும் தவறுதான், அது வேறு வகைத் தவறு. சீரான தாளம் உடம்பை இளக்கிவிடும். அடுத்த வெட்டு எப்போது வரும் என்று மூன்றாவது அடியிலேயே காலுக்குத் தெரிந்துவிடுகிறது. பதற்றம் என்று நினைத்து நான் வெட்டி வைத்திருந்தது ஒரு குத்துப்பாட்டு.

மூன்றாவதுதான் பெரிய தவறு. கதை கேட்பவனின் மனத்தில் எழும் உணர்வுகளைப் பற்றி பிரூவர், லிக்டென்ஸ்டைன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1982இல் ஒரு பிரிவினை செய்தார்கள். முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் மறைத்துவைத்துத் திடீரென்று காட்டினால் அதிர்ச்சி. நடந்து முடிந்ததன் விளைவை முதலில் காட்டி, எப்படி நடந்தது என்பதை மறைத்தால் ஆவல். கேடு வரப்போகிறது என்பதை முன்னாலேயே தெரியவைத்து, அது வருவதைத் தள்ளிப்போட்டால் பதைப்பு. இந்தத் தட்டில் என் 143 ஷாட்டுகளையும் வைத்துப் பார்த்தேன். அத்தனையும் அதிர்ச்சி. ஆவல் ஒன்றுகூட இல்லை. பதைப்புக்கு இடமே இல்லை, ஏனென்றால் எதையும் நான் முன்னாலேயே தெரியவைக்கவில்லை. பார்ப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. ஒன்றும் தெரியாதவன் எதற்காகக் காத்திருப்பான்?

இதை நம் ஊர்ப் பாட்டுப் புத்தகம் போட்டவர்கள் எந்த ஆய்வும் படிக்காமலேயே அறிந்திருந்தார்கள். தியேட்டர் வாசலில் விற்ற அந்தப் புத்தகத்தில், பாடல்களுக்கு முன்னால் கதைச் சுருக்கம் ஒன்று இருக்கும். நாயகி யார், வில்லன் யார், சொத்து எவ்வளவு என்று முக்கால் கதையைத் தாராளமாகச் சொல்லிவிட்டு, சரியான இடத்தில் கேள்வியைப் போட்டு, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடித்துவிடுவார்கள். எதையும் மறைத்தார்கள் என்று அவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. என் முதல் வெட்டில் முக்கால் கதையும் இல்லை, நிறுத்தும் இடமும் இல்லை.

இரண்டாவது வெட்டு

இருட்டு. யாரோ மூச்சு விடும் ஒலி. குழல்விளக்கு இரண்டு முறை துடித்து எரிகிறது, கரண்ட் வந்துவிட்டது. அந்தப் பெண் முதல் தறியின் கைப்பிடியை இழுக்கிறார். ஒரு தறியின் சத்தம். நடந்து போய் இரண்டாவதை இழுக்கிறார். சத்தம் இரண்டாகிறது. கேமரா அவருடைய கையை மட்டும் பார்த்துக்கொண்டு கூடவே போகிறது. மூன்று. நான்கு. முதல் தறியும் இரண்டாவது தறியும் ஒரே நேரத்தில் அடிப்பதில்லை என்பதால், சத்தம் கூடக் கூடத் தாளம் குலைந்து இரைச்சலாகிறது. ஐந்து. ஆறு. ஏழு. எட்டாவது தறிக்கு வருகிறார். கை கைப்பிடியின் மேல் போகிறது. இழுக்கவில்லை. முகம் நிமிர்கிறது. தறிக்கு அந்தப் பக்கம் எதையோ பார்க்கிறார். அதை நாம் பார்க்கவில்லை.

22 வினாடி, ஒரே ஷாட், ஒரு வெட்டும் இல்லை. படத்தில் இது 3 நிமிடக் காட்சி. ஒளிப்பதிவாளர் ஒரே ஓட்டமாக எடுத்ததில் கடைசிப் பகுதியைத் தனியாக எடுத்து, நடையை மட்டும் கொஞ்சம் விரைவுபடுத்தினேன். இதில் நான் செய்த வேலை மிகக் குறைவு, பலன் மிக அதிகம். பார்ப்பவன் விசைத்தறியையே பார்த்திராதவனாக இருந்தாலும், மூன்றாவது கைப்பிடியில் எண்ணத் தொடங்கிவிடுகிறான். எண்ணச் சொல்லி யாரும் அவனிடம் கேட்கவில்லை. எட்டு என்று சுவரில் சுண்ணாம்பால் எழுதியிருப்பதைத் தொடக்கத்திலேயே ஓரமாகக் காட்டிவிட்டேன். ஏழில் நின்றதும் அவனுக்கு ஒரு கடன் பாக்கி நிற்கிறது.

ஆவல் என்பது அறியாமையிலிருந்து வருவதில்லை. கொஞ்சம் தெரிந்தபின், தெரியாத மிச்சம் உறுத்தும்போதுதான் வருகிறது என்று பொருளியலாளர் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் 1994இல் எழுதினார். ஏழு தெரிந்தவனுக்குத்தான் எட்டு உறுத்தும்.

அடுத்த பகுதி, விசாரணை. தறி ஓடும் குடோனுக்குள் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. அங்கே வேலை செய்பவர்கள் உதட்டசைவிலும் கைச்சாடையிலும்தான் பேசிக்கொள்வார்கள். படத்தில் காவல் அதிகாரி கத்திக் கத்திக் கேட்கிறார், அந்தப் பெண் ஏதோ பதில் சொல்கிறார், இரைச்சலில் ஒரு சொல்லும் நமக்குக் கேட்கவில்லை. முதல் வெட்டில் இந்த இடத்தில் இரைச்சலைக் குறைத்து வசனத்தை மேலே தூக்கியிருந்தேன், எல்லோரும் செய்வது போல. இப்போது வசனத்தை அப்படியே புதைத்தேன். அவர் பேசிக்கொண்டே இருக்கும்போது கரண்ட் போகிறது. ஏழு தறியும் ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்ந்து நிற்கின்றன. அந்தத் திடீர் அமைதியில், கத்திப் பேசிக்கொண்டிருந்த அவருடைய கடைசிச் சொற்கள் மட்டும் அளவுக்கு மீறிய குரலில் விழுகின்றன:

“...ஏழுதான் ஓடியது!”

இதை எங்கிருந்து எடுத்தேன் என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் தாத்தாவோடு, கொங்கு நாட்டுக் கதைப்பாட்டான அண்ணன்மார் கதை கேட்கப் போயிருக்கிறேன். பொன்னர், சங்கர் என்ற அந்த அண்ணன் தம்பியின் கதையை உடுக்கையடித்துப் பாடுகிறவர், படுகளம் நெருங்க நெருங்க உடுக்கையை விரட்டிக்கொண்டே போவார். இதோ வெட்டப் போகிறான் என்னும் இடத்தில் உடுக்கையைச் சட்டென்று நிறுத்திவிட்டு, ஒரே ஒரு வரியை வெறும் குரலில் சொல்வார். தூங்கிக்கொண்டிருந்த நான்கூட அந்த அமைதியில்தான் விழித்துக்கொள்வேன். காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் 1965இல் பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர் இந்தக் கதையைப் பல இரவுகள் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்தார். இரவுக்கு இரவு கேட்பவர்களைத் திரும்ப வரவைக்கும் வித்தை அந்தப் பாடகர்களிடம் இருந்தது. அதற்கு முன்னால் நாங்கள் வெட்டும் இரண்டு நிமிடம் எம்மாத்திரம்?

வெட்டுகளைத் தறியின் அடியிலிருந்து விலக்கினேன். அடி விழுவதற்கு இரண்டு மூன்று ஃபிரேம் முன்னாலேயே ஷாட் மாறும்; அடி அடுத்த ஷாட்டில்தான் கேட்கும். படியில் இறங்கும்போது கடைசிப் படி நினைத்ததைவிட ஓர் அங்குலம் உயரம் குறைவாக இருந்தால் கால் தடுமாறுமே, அந்தத் தடுமாற்றம். அடித்தொண்டை இடியோசைகளையும் எடுத்துவிட்டேன். கைப்பேசியின் ஒலிபெருக்கியில் அந்தக் கீழ்ச்சுருதி கேட்கவே கேட்காது. தறியின் மரத்தில் மரம் மோதும் ஓசையோ எந்த மலிவான கைப்பேசியிலும் தெளிவாகக் கேட்கும்.

கணக்கு நோட்டு

இப்போது சொல்லப் போவது என் திறமை அல்ல, என் அதிர்ஷ்டம். முதல் வெட்டில், அரை வினாடிக்கு ஒரு கணக்கு நோட்டைக் காட்டியிருந்தேன். அந்த இரவு ஒவ்வொரு தறியிலும் எத்தனை மீட்டர் துணி இறங்கியது என்று எழுதிய பக்கம். கலை இயக்குநரின் உதவியாளர் எட்டு வரியிலும் 31, 30, 32 என்று அழகான கையெழுத்தில் நிரப்பியிருந்தார். எங்களில் ஒருவரும் அந்த எண்களைப் படிக்கவில்லை. அரை வினாடியில் யார் படிக்கப் போகிறார்கள்?

பெரியவர் படித்துவிட்டார்.

“அந்த ராத்திரி ஆறு மணி நேரம் கரண்ட் இல்லை என்று காட்டினீர்களே தம்பி. பன்னிரண்டு மணி நேரம் நிற்காமல் ஓடினால்தான் 31 மீட்டர் இறங்கும். எட்டுத் தறியிலும் எப்படி 31?”

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு 120 ஊடை (குறுக்கு நூல்), அங்குலத்துக்கு 60 ஊடை என்றால் நிமிடத்துக்கு 2 அங்குலம். மணிக்கு 3 மீட்டர். பன்னிரண்டு மணி நேரத்துக்கு 36. நூல் அறுவது, தார் (நாடாவுக்குள் வைக்கும் நூல்கண்டு) மாற்றுவது என்று நிற்கும் நேரத்தைக் கழித்தால் 31 சரியாக வருகிறது. அவர் அதை அரை வினாடியில் போட்டுவிட்டார்.

இது பிழை என்பதைவிட, பொய்யான தடயம் என்பதுதான் என்னை உறுத்தியது. மர்மப் படத்தின் முன்னோட்டத்தில் விவரம் தெரிந்த ஒருவர் ஒரு முரணைக் கண்டுபிடித்தால், அவர் அதைப் படத்தின் முடிச்சு என்றே எடுத்துக்கொள்வார். படம் அதற்கு விடை சொல்லாவிட்டால், வெளியே வரும்போது ஏமாந்தவராக வருவார். இயக்குநரிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நோட்டை மறுபடியும் எழுதச் சொல்லி அந்த ஒரு ஷாட்டைத் திரும்ப எடுத்தார். இப்போது ஏழு வரிகளில் 15, 16, 14 என்று ஆறு மணி நேரத்துக்குரிய எண்கள் இருக்கின்றன. எட்டாவது வரியில் மட்டும் 31.

“ஏழுதான் ஓடியது” என்ற குரலுக்கு அடுத்தாற்போல் இந்தப் பக்கத்தை வைத்தேன். அரை வினாடியை இரண்டரை வினாடி ஆக்கினேன். ஓடாத தறி, ஓடியவற்றைவிட இரண்டு மடங்கு நெய்திருக்கிறது. இதற்கான விடை திரைக்கதையில் முதலிலிருந்தே இருந்தது. நாங்கள்தான் அதை நோட்டில் எழுத மறந்திருந்தோம்.

முன்னோட்டம் எவ்வளவு மறைக்கலாம் என்பதற்கு நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது 1960இல் வெளியான ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ முன்னோட்டத்தை. இயக்குநரே சுற்றுலா வழிகாட்டி போல வந்து, கொலை நடந்த வீடு இது, குளியலறை இது என்று நிதானமாகச் சுற்றிக் காட்டுகிறார். இடத்தை ஒளிக்கவில்லை, கொலை என்பதையும் ஒளிக்கவில்லை. கடைசியில் திரையை விலக்கியதும் ஒரு பெண் அலறுகிறாள். அந்தப் பெண் படத்தில் அங்கே சாகும் ஜேனட் லீ அல்ல. பொய்முடி வைத்த வேரா மைல்ஸ். இடம் முழுவதையும் காட்டிவிட்டு, ஆளை மட்டும் மாற்றிவிட்டார். அவ்வளவு துணிச்சல் எனக்குக் கிடையாது. எண்ணைச் சரியாக எழுதினால் போதும் என்று நிறுத்திக்கொண்டேன்.

விட்டுக்கொடுத்தவை

1 நிமிடம் 10 வினாடிக்குப் பிறகு வரும் பகுதி எனக்குப் பிடிக்காது. ஓடும் கால்கள், உடையும் கண்ணாடி, வயலில் டார்ச் வெளிச்சம், 20 வினாடியில் 34 ஷாட்டுகள். இது இல்லாவிட்டால் படத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைத்துவிடுவார்கள் என்றார் தயாரிப்பாளர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. யூடியூபில் விளம்பரமாக வரும்போது ஐந்தாவது வினாடியில் தாண்டிப் போகும் பொத்தான் வந்துவிடும். 22 வினாடி ஒரு கையைக் காட்டிக்கொண்டிருக்க யார் விடுவார்கள் என்றும் கேட்டார். அதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஐந்தாவது வினாடிக்குள் மூன்று தறி ஓடியிருக்க வேண்டும் என்று நேரத்தை இழுத்துக் கட்டினேன்; எண்ணத் தொடங்கியவன் தாண்டிப் போக மாட்டான் என்பது என் பந்தயம். வென்றதா என்று படம் வந்தபிறகுதான் தெரியும்.

இரத்தம் தெரியும் இரண்டு ஷாட்டுகளையும் எடுத்துவிட்டேன். திரையரங்கில் ஓட முன்னோட்டத்துக்கும் தனியாகத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும் என்பது ஒரு காரணம். அவற்றை எடுத்தபின் பயம் கூடியது என்பதைத் தயாரிப்பாளரே ஒப்புக்கொண்டார்.

கடைசியில் படத்தின் பெயர் வந்து மறைந்ததும் ஐந்து வினாடி இருட்டு. அதில் ஒரே ஒரு தறி ஓடும் சத்தம். எட்டாவதா என்று நான் சொல்லவில்லை. அது நிற்பதற்கு முன்பே முன்னோட்டம் முடிந்துவிடுகிறது.

மறுபடியும் குடோன்

அதே இடம், அதே பாவு பீம், அதே சின்ன ஒலிபெருக்கி. இந்த முறை பதினோரு பேர். முன்பு சிரித்த அக்கா நான்காவது கைப்பிடியில் விரல்களை மடக்கத் தொடங்கியதைப் பார்த்தேன். ஏழில் நின்றதும் கட்டைவிரல் பக்கத்து விரலைத் தேடியபடி அப்படியே நின்றது. கணக்கு நோட்டு வந்தபோது பின்னாலிருந்து ஒருவர், “அடேயப்பா, திருட்டு மீட்டர்!” என்றார். சென்னையில் இந்த ஷாட்டை ஒருவரும் கவனிக்கவில்லை. அங்கே அவர்களுக்கு ஏழுக்கும் எட்டுக்கும் உள்ள இடைவெளியே போதுமானதாக இருந்தது. இருக்கட்டும்.

கடைசிச் சத்தம் இருட்டில் ஓடி முடிந்தது. பெரியவர் எழுந்து வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்துவிட்டு, மறுபடியும் மாட்டிக்கொண்டு, “முதலில் இருந்து போடுங்கள் தம்பி” என்றார். போட்டேன். கை எட்டாவது தறிக்கு வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். மடிக்கணினியின் அருகே குனிந்து பார்த்தார்.

“இந்தத் தறியில் பாவு எங்கே தம்பி?”

நான்கு மாதமாக அந்த ஷாட்டைத் தினமும் பார்த்தவன் நான். கையைப் பார்த்திருக்கிறேன், முகத்தைப் பார்த்திருக்கிறேன். இப்போது திரையைத் தொட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன். மற்ற ஏழு தறிகளிலும் வெள்ளை நூல் இறுக்கமாக ஓடுகிறது. எட்டாவதில் ஓர் இழைகூட இல்லை. வெறும் சட்டம்.

வெளியே வந்து இயக்குநரை அழைத்தேன். நான் கேட்டு முடிப்பதற்குள், “யார் பார்த்தது, நீங்களா அந்தப் பெரியவரா?” என்றார்.

“பெரியவர்தான்.”

“நினைத்தேன்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.